தோகை போன தொலைவு

சுரண்டைப் பக்கத்து வயல்களில் மயில்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ராபர்ட் கால்டுவெல் நினைவுக்கு வருவார். 1814-இல் அயர்லாந்தில் பிறந்து, 1838-இல் சென்னைக்கு வந்து, 1841 முதல் நம் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் தேரி மணலுக்கு நடுவே வாழ்ந்த சமயப் பணியாளர் அவர்.

தமிழ் வடமொழியிலிருந்து பிறந்தது என்பதே அன்று அறிஞர் பலரின் எண்ணம். எல்லிஸ் 1816-இலேயே அதை மறுத்திருந்தார். விரிவாக நிறுவியது 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமே. சொற்கடன் ஒருவழிப் பாதையன்று என்று காட்ட, திராவிட மொழிகளிலிருந்து வடமொழி பெற்ற சொற்களையும் அதில் பட்டியலிட்டார். சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரேய விவிலியம் வழங்கும் 'துக்கி' என்னும் பெயர் நம் 'தோகை'யே என்றார். வாலின் பெயர் பறவைக்கு ஆகிவந்தது நம் சங்கப் பாடல்களிலும் உண்டு. இன்றைய எபிரேயத்திலோ அச்சொல் கிளியைக் குறிக்கிறது!

கிரேக்க 'ஒரிசா'வை 'அரிசி'யோடு அவர் இணைத்ததைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. பழைய ஈரானிய மொழிகளின் வழியே அச்சொல் சென்றது என்பர். அதனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை என்பது என் கருத்து. ஒலி ஒற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு உலகச் சொற்களையெல்லாம் தமிழாக்கிவிடும் நம்மவர் சிலர், மூவிடப்பெயரையும் எண்ணுப்பெயரையும் வினைவிகுதியையும் மொழிதோறும் வைத்து ஒப்பிட்ட அவருடைய பொறுமையைப் பார்க்க வேண்டும்.

1875-இல் நூலைத் திருத்தி விரித்தார், 1877-இல் ஆயரானார். 1891-இல் கொடைக்கானலில் மறைந்தவரின் உடல், இடையன்குடியில் அவரே எழுப்பிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.