பெண்கள் கல்லூரியில் பேசப் போன வேர்ஜினியா வுல்ஃப்

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. எங்கள் கந்தப்பளையிலிருந்து நுவரெலியா, ஹற்றன் என்று பஸ் மாறிப் போனால் பார்க்கலாம். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். கணவர் சாள்ஸ் கமரன், கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன்தான். மலையகத்தில் கோப்பித் தோட்டங்களும் வைத்திருந்தார். ஜூலியா 1879இல் டிக்கோயாவில் இறந்தார். அவருடைய தங்கையின் பேத்திதான் 1882 ஜனவரி 25இல் லண்டனில் பிறந்த வேர்ஜினியா வுல்ஃப்.

தந்தை லெஸ்லி ஸ்டீபன் பெரிய எழுத்தாளர். மகன்மாரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். மகளுக்குத் தன் நூலகத்தைத் திறந்துவிட்டார். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் கிரேக்கம், லத்தீன், வரலாறு கொஞ்சம் படித்தார். பட்டம் இல்லை. 13 வயதில் தாயையும், பிறகு அக்காவையும் தந்தையையும், 1906இல் அண்ணன் தோபியையும் இழந்தார். மனநோய் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது.

தோபியின் கல்லூரி நண்பர் லியனாட் வுல்ஃப். 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்தவர், பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் இருந்துவிட்டு 1911இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு இருவரும் மணம் முடித்தனர். 1917இல் வீட்டிலேயே கையால் அச்சிடும் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினர்.

1928 ஒக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரு பெண்கள் கல்லூரிகளான நியூனமும் கேட்டனும் அவரைப் பேச அழைத்தன. அங்கே படித்த பெண்களுக்கு முழுமையான பட்டம் கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுகளே அடுத்த ஆண்டு நூலாயின. பெண் எழுதுவதற்கு ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும், பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்பது அதன் வாதம்.

லயத்துக் காம்பிராவில் ஏழு பேரோடு வளர்ந்து, பிறகு ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். அந்த நூலை முதலில் வாசித்தபோது அறை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். எங்களுக்குக் கதவு ஒன்று, அதுவும் அடுப்புப் புகை போவதற்காகத் திறந்தே கிடக்கும். முகாம்களில் தறப்பாளின் கீழ் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு. அந்த 500 பவுண், நூலின் கதைசொல்லிக்குப் பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஓர் அத்தை விட்டுச்சென்றது. கற்பனை அத்தைதான். என்றாலும் பம்பாயில் அந்தப் பணம் யாருடைய உழைப்பில் சேர்ந்தது என்று நூல் கேட்பதில்லை. மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேத்தி கேட்காமல் இருப்பாளா? கேட்டுவிட்டும் அந்த நூலை வைத்திருக்கிறேன். அறையும் காசும் இல்லாமல் எழுத்து வராது என்பதை அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு.

1940இல் ஜேர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு போட்டன. அவர்கள் முன்பு இருந்த வீடு தரைமட்டமானது; குடியிருந்த வீடும் சிதைந்தது. வேர்ஜினியா இடிபாட்டுக்குள் போய்த் தன் 24 நாட்குறிப்புத் தொகுதிகளைத் தேடி எடுத்தார். நாங்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் தேடியதைப் போல.

நோய் மீண்டும் வந்தது. 1941 மார்ச் 28இல், 59 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்த நாட்குறிப்புகளிலிருந்து ஒரு பகுதியைத் தெரிந்து, 1953இல் லியனாட் நூலாக வெளியிட்டார்.