பச்சையப்ப முதலியார் உயிலும் வழக்கும்

உத்தமபாளையத்து நீதிமன்ற வாயிலில், பாட்டனார் எழுதிவைத்த உயிலைத் துணியிற் பொதிந்துகொண்டு வாய்தாவுக்கு வந்து நிற்போரை நாம் பலமுறை கண்டதுண்டு. காணுந்தோறும் பச்சையப்ப முதலியாருடைய சரித்திரம் நம் நினைவுக்கு வருகின்றது.

அவர் 1754-ஆம் ஆண்டிற் பெரியபாளையத்தில் பிறந்தவர். பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். ஆதரவற்ற தாயார் சென்னைக்கு வந்து துபாஷி நாராயண பிள்ளையவர்களை அடைக்கலம் புகுந்தனர். அப்பெரியாரது நிழலில் வளர்ந்த சிறுவர், தாமும் துபாஷித் தொழில் பயின்று, கும்பினியார்க்கும் தஞ்சை அரசர்க்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல்களிற் பெரும்பொருள் ஈட்டினார். இளமையில் வறுமையறிந்தவராதலின், ஈட்டியதை இறுகப் பற்றினாரல்லர். கோயிற் றிருப்பணிகளுக்கு மிகுதியாக வழங்கினார்.

நோய்வாய்ப்பட்ட முதலியார், 1794 மார்ச்சு 22-இல் கும்பகோணத்திலிருந்து உயில் எழுதினார். தம் பொருளைத் தெய்வ கைங்கரியங்களுக்கென்றே ஒதுக்கினார். அம்மாதம் 31-இல் திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 40.

மனைவியர் இருவர் இருந்தனர், சுற்றத்தாரும் பலர். தருமத்தை நடத்தவேண்டியவர் கையில் பொருள் இருந்தது. உரிமை பேசியவர் வாயில் வழக்கு இருந்தது. இவ்விரு திறத்தாருக்குமிடையே உயில் ஆண்டுக்கணக்கில் வெறுந்தாளாய்க் கிடந்தது. உறவினர் கேட்டது முற்றும் பேராசையென்று நாம் கூறத் துணியோம். கைம்பெண்டிருக்குச் சோறும் கூறையும் வேண்டுமன்றோ? ஆயினும் இறந்தவர்க்காக வாதாட எவரும் இலர்.

அக்குறையைத் தீர்த்தவர் அரசாங்கத்து வழக்கறிஞர். தருமப்பொருளைக் காப்பது அரசின் கடமையென்னும் முறைபற்றி, அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஸர் ஹெர்பர்ட் காம்ப்டன் துரை இவ்விஷயத்தைச் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் எடுத்துரைத்தார். அவருக்குப்பின் வந்த ஜார்ஜ் நார்ட்டன் துரையும் சலியாது உழைத்தார். 1832-இல் கோர்ட்டார் உயிலை நிலைநாட்டித் தீர்ப்பளித்தனர்.

இங்கே ஒரு வியப்பு. செலவழியாது கிடந்த முதல், வழக்கு நீள நீள வட்டியால் வளர்ந்துவிட்டது. தருமங்களுக்கு வேண்டிய அளவு ஒதுக்கியபின்னும் எஞ்சிய தொகையைக் கல்விக்குச் செலவிடக் கோர்ட்டார் இசைந்தனர். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை முதலியார் கனவிலும் கருதியிருப்பாரோ? ஐயமே. காலதாமதத்தை நாம் புகழ்கின்றோமல்லோம். அதனால் நின்றுபோன பூசைகளும் உண்டு.

1842 ஜனவரி 1-இல், அவர் மறைந்த 48-ஆவது ஆண்டில், சென்னைப் பாப்பம்ஸ் பிராட்வேயில் அவர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. தந்தையற்ற ஒரு சிறுவர் ஈட்டிய பொருளைக்கொண்டு ஏழைப் பிள்ளைகள் அங்கே சம்பளமின்றிப் படிக்கத் தொடங்கினர்.