பீரங்கிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொடுத்தவர்

நெப்போலியனை நமக்கெல்லாம் தெரியும். அவர் கற்றுக்கொண்ட பீரங்கிகளை வடிவமைத்தவரைத் தெரியுமா? ழான் பாப்திஸ்த் வாக்கெட் தெ கிரிபோவால். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்க, அப்புறம் தொடரலாம்.

1715ல் பிரான்சின் அமியான் நகரில் பிறந்தவர். 1732ல் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அதே வருஷம்தான் வாலியேர் என்ற தளபதி, பிரெஞ்சுப் பீரங்கிகள் 24, 16, 12, 8, 4 பவுண்டு என ஐந்தே அளவில் இருக்கணும்னு உத்தரவு வாங்கித் தந்தார். நல்ல வேலைதான். ஆனால் அவர் குழாயை மட்டும் ஒழுங்குபடுத்தினார், அதைச் சுமக்கும் வண்டியை விட்டுவிட்டார். ஒவ்வொரு ஆயுதசாலையும் தன் தச்சருக்குப் பழகின அளவில் வண்டி செய்தது. ஓர் ஊர்ச் சக்கரம் இன்னோர் ஊர் அச்சில் ஏறாது. போகிற வழியில் சக்கரம் உடைந்தால், ஒன்றரை டன் வெண்கலம் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஏழாண்டுப் போரில் கிரிபோவால் ஆஸ்திரியாவுக்கு இரவலாகப் போனார். அங்கே பீரங்கிகள் இலகுவாக இருந்தன, வேகமாக நகர்ந்தன. 1762ல் ஷ்வைட்னிட்ஸ் கோட்டையைப் பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கிடமிருந்து இரண்டு மாதம் காத்தார். கடைசியில் கோட்டை விழுந்தது, இவரும் கைதியானார். ஆனாலும் மகாராணி மரியா தெரசா இவருக்கு விருது கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் அமைச்சர் ஷுவாசல் இவரை அழைத்தார். 1765ல் புதிய முறை வந்தது. களத்துக்கு 12, 8, 4 பவுண்டுப் பீரங்கிகள் மட்டும். குழாயின் எடை குண்டின் எடையைப் போல 150 மடங்கு, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான வேலை வண்டியில்தான் இருக்கு. மர அச்சுக்குப் பதில் இரும்பு அச்சு போட்டார். முன்வண்டிச் சக்கரங்களைப் பெரிதாக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்த குதிரைகளை ஜோடி ஜோடியாகப் பூட்டினார். குழாயின் இரண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் உட்கார, பெரிய பீரங்கிகளின் வண்டியில் இரண்டு ஜோடிப் பள்ளங்கள் இருந்தன. முன்பள்ளம் சுடுவதற்கு, பின்பள்ளம் பயணத்துக்கு. குழாயைப் பின்னால் தள்ளி வைத்தால் எடை இரண்டு அச்சுக்கும் பங்காகும். சென்டர் ஆஃப் கிராவிட்டி கணக்கு, வேறென்ன! உயரத்தை மாற்ற ஆப்பு அடித்துக்கொண்டிருந்த இடத்தில் திருகு வந்தது. வண்டியின் வாலையும் முன்வண்டியையும் நீளக் கயிற்றால் கட்டிவிட்டால், பின்வாங்கும்போதுகூட நின்று சுட்டுவிட்டு நகரலாம்.

இதெல்லாம் எந்த ஆயுதசாலையில் செய்தாலும் ஒரே அளவில் இருக்கணும். அதற்காக அளவு அட்டவணைகளையும் இரும்பு அளவுகோல்களையும் அனுப்பினார். குண்டைச் சோதிக்க இரண்டு வளையங்கள்: பெரியதில் நுழையணும், சின்னதில் நுழையக் கூடாது. நம்ம மெட்ராலஜி லேப் 'கோ, நோ-கோ கேஜ்' அதே யோசனைதான்.

சும்மா விடுவார்களா? வாலியேரின் மகனும் பீரங்கித் தளபதி. குட்டைக் குழாய் தூரம் போகாது, குறி தவறும் என்று அவர் அணி எதிர்த்தது. ஷுவாசல் பதவி இழந்த பிறகு, 1772ல் முழு முறையும் ரத்தானது. பாதி செய்துவைத்த வேலை, அரண்மனை அரசியலில் போச்சு. 1774ல் மன்னர் பதினைந்தாம் லூயி இறந்தார். அதே வருஷம் கிரிபோவால் முறை திரும்பி வந்தது.

அதோடு நிற்கவில்லை. ஒனோரே பிளான் என்ற துப்பாக்கித் தொழிலாளிக்கு ஆதரவு தந்தார். அவர் செய்த துப்பாக்கி விசைகளின் பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டலாம். 1785ல் தாமஸ் ஜெபர்சனே அந்தப் பட்டறைக்குப் போய், தன் கையால் பூட்டிப் பார்த்தார்.

1789 மே மாதம் கிரிபோவால் இறந்தார். ஜூலையில் புரட்சி. மூன்று வருஷம் கழித்து வால்மியில் பிரஷ்யப் படையைத் தடுத்தவை அவருடைய பீரங்கிகள்.

அவர் தொடாமல் விட்டதும் உண்டு. குதிரை ஓட்டினவர்கள் ஒப்பந்தக்காரர் அனுப்பிய கூலியாட்கள். குண்டு பறக்கும் இடத்தில் அவர்கள் ஏன் நிற்கணும்? 1800ல் நெப்போலியன்தான் அவர்களைப் படைவீரர் ஆக்கினார். இன்னொன்று, முன்வண்டிச் சக்கரம் பீரங்கிச் சக்கரத்தைவிடச் சின்னதாகவே இருந்தது. ஆங்கிலேயர்கள் இரண்டையும் ஒரே அளவாக்கினார்கள். 1820களில் பிரான்சும் அதைப் பின்பற்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்தில், 6 பவுண்டுப் பீரங்கி, முன்வண்டி, வெடிமருந்து வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே 57 அங்குலச் சக்கரம். வெடிமருந்து வண்டியின் பின்னால் இரும்பு முளையில் ஒரு ஸ்டெப்னியும் தொங்கியது.