பத்தொன்பதரை நாளில் பதினோராயிரம் மைல்

லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். 2021 நவம்பரில் டார்வினிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று, இடையில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ பதினேழு மணி நேரத்தில் லண்டனை அடைந்தது. இதே இரு நகரங்களுக்கிடையே 1930இல் தன்னந்தனியாகப் பறந்த நங்கை ஒருத்திக்குப் பத்தொன்பதரை நாள் ஆயிற்று. அவர்தாம் ஏமி ஜான்சன்.

1903இல் இங்கிலாந்தின் ஹல் நகரில், மீன் வணிகர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் என்னைப் போலவே பொருளியல் பயின்றார் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. பின்னர் லண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்து பிழைத்தார். ஓய்வு நேரமெல்லாம் விமானக் கழகத்தில் கழிந்தது. 1929இல் விமானி உரிமம் பெற்றதோடு, எண்ணெயும் கரியும் படிய இயந்திரப் பணி கற்று, தரைப் பொறியாளர் சான்றிதழும் பெற்றார்.

டார்வின் செல்ல விமானம் வேண்டுமே! அறுநூறு பவுன் விலையுள்ள பழைய ஜிப்ஸி மாத் விமானத்துக்குத் தந்தை ஒரு பங்கு கொடுத்தார். எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபு மறுபங்கு கொடுத்தார். தந்தையின் வணிகச் சின்னமான ஜேசன் என்ற பெயரையே ஏமி அதற்குச் சூட்டினார்.

1930 மே 5ஆம் நாள் குராய்டனிலிருந்து கிளம்பினார். திறந்த இருக்கை, வானொலிக் கருவி கிடையாது, வழிகாட்டியாக நிலப்படங்கள் மட்டுமே. ஈராக்கில் மணற்புயல் தரையில் இறக்கியது. ஆறே நாளில் கராச்சி! எரிபொருள் தீர்ந்ததால் நம் ஜான்சியின் இராணுவ மைதானத்தில் இறங்க நேர்ந்தது. ரங்கூன் அருகே விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. ஜாவாவில் மூங்கில் முளைகள் கிழித்த இறக்கைக்குக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் போட்டார். மே 24ஆம் நாள் டார்வினில் இறங்கினார். அவர் கடந்து வந்த வழி சுமார் 11,000 மைல்.

இரண்டாண்டுகளுக்கு முன் பெர்ட் ஹிங்க்லர் பதினைந்தரை நாளில் நிகழ்த்திய சாதனையை ஏமி முறியடிக்கவில்லை. ஆயினும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெயர் அவருக்கே உரியதாயிற்று.

இரண்டாம் உலகப்போரில் போர் விமானங்களை இடம்விட்டு இடம் கொண்டு சேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 சனவரி 5ஆம் நாள், மோசமான வானிலையில் வழிதவறி, தேம்ஸ் முகத்துவாரத்தில் வீழ்ந்தார். வயது முப்பத்தேழு. உடல் கிடைக்கவே இல்லை. ஜேசன் மட்டும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நண்பர்களே, இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. முதுகலை படிக்கச் சென்னை செல்ல விரும்புகிறேன். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரே இரவுப் பயணம். ஆனால் பெண்பிள்ளைக்கு அவ்வளவு தூரம் எதற்கு என்கிறார் பாட்டி. அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. தூரத்தை மைல் கணக்கில் மட்டுமே அளந்துவிட முடியாது என்பதை ஏமியின் வாழ்க்கையில் கண்டேன். தட்டச்சு மேசையிலிருந்து விமான இருக்கைவரை இருந்த தூரமே அவருக்குப் பெரிது. அதைக் கடக்கக் கைகொடுத்தவர் ஒரு தந்தை.

இம்மலர் வெளிவந்ததும் இந்தப் பக்கத்தை விரித்து அப்பாவின் கையில் கொடுக்கப் போகிறேன்.