கரும்புக்குப் புதுக் குலம் கண்ட வெங்கடராமன்

மில்லர்புரத்தினின்று தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் சென்று பனையேறி ஒருவரை விசாரித்தால், இம்மரம் நன்றாய்ச் சுரக்கும், அம்மரம் சுரவாது என்று ஒவ்வொன்றின் குணத்தையும் பிரித்துரைப்பார். பனை கொட்டையினின்று முளைப்பது. தாயின் கூறும் தந்தையின் கூறும் ஒவ்வொரு வித்திலும் ஒவ்வொரு விதமாய்க் கலப்பதால் ஒன்று மற்றொன்றை ஒத்திராது. கரும்பு அப்படியன்று, கரணையினின்று முளைப்பது. ஆயிரம் ஏக்கரில் நட்டாலும் அவ்வளவும் ஒரே உடலின் துண்டங்களே. தாய்க்கரும்பில் இல்லாத குணம் பிள்ளையில் தோன்றுதல் அபூர்வம். அவ்வொருமையைக் கலைத்து, தேசத்துக்கு வேண்டிய பேதங்களைக் கரும்பில் பிறப்பித்தவர் ஸர் டி. எஸ். வெங்கடராமன்.

அவர் பிறந்தது 1884ல். அவர் வாலிபராயிருந்த காலத்தில் இந்தியா ஜாவாச் சர்க்கரையை விலை கொடுத்து வாங்கி வந்தது. வடநாட்டு உழவர் பயிரிட்டது மெலிந்த கரும்பு. பருத்த சாறுள்ள ஜாதியோ பஞ்சாபின் பனியையும் வறட்சியையும் தாங்காது. கரும்பின் பூவும் முளைக்கத்தக்க வித்துத் தரும் என்பது 1888ல் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் தெளிவாயிற்று. கோயமுத்தூரில் கரும்பு நன்றாய்ப் பூக்கும். ஆகவே 1912ல் அங்கே டாக்டர் பார்பர் தலைமையில் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. அவருக்குத் துணையாயிருந்த வெங்கடராமன் பின்னர் அதன் தலைவரானார்.

பருத்த கரும்புக்கு அவர்கள் தேடிய மணமகன் யார்? தித்திப்பற்ற பேய்க்கரும்பு! கரைகளிலும் ஓடைகளிலும் தானே முளைக்கும் காட்டு நாணல். அதை உழவன் களையென்றே வெட்டி எறிவான். குளிர், வறட்சி, வெள்ளம் யாவற்றையும் பொறுக்கும் வலிமை அப்புல்லிடம் இருந்தது. அச்சேர்க்கையில் பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918ல் பஞ்சாபுக்குச் சென்றது. இதில் ஒரு விந்தை உண்டு. மரபுக் குணங்களைத் தாங்கும் குரோமோசோம்கள் தாயில் 80, தந்தையில் 64. இயற்கை வழக்கப்படி இருவரும் பாதி பாதி ஈந்து 72 ஆக வேண்டும். இங்கேயோ தாய் தன் 80ஐயும் முழுதாய்க் கொடுத்துவிட, தந்தை பாதியான 32ஐ மட்டும் தந்தது, மகவுக்கு 112. காட்டுப் புல்லின் உரம் புகுந்தும் இனிமை குன்றாமைக்கு இது பெருந்துணையாயிற்று.

பின்னர் மூன்று இனங்களின் கலப்பும் வந்தது. கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூயிசியானாவிலும் பயிராயின. தென்னாட்டில் கோ 419 பேர் பெற்றது. 1932ல் சர்க்கரைக் காப்புச் சட்டம் வந்தது. சுமார் முப்பதாயிருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் நூறைத் தாண்டின. ஜாவாச் சர்க்கரையின் வரவு ஏறக்குறைய நின்றது. சட்டத்தால் மட்டும் இது நேர்ந்ததென்பார் உளர். சாறில்லாத கரும்பை வைத்துக்கொண்டு சட்டம் என்ன செய்யும்?

1942ல் அவர் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே அந்நிய அரசாங்கம் அவருக்கு ஸர் பட்டம் வழங்கியது. 1956ல் சுதந்தர இந்தியா பத்மபூஷண் அளித்தது. பட்டம் பெற்ற காரணத்தால் அவரைத் தேசத்தொண்டர் வரிசையில் சேர்க்கத் தயங்குவோருடன் நாம் உடன்படோம்.

நிற்க. கரணைப் பயிரின் பழைய ஆபத்து அவர் கண்முன்னரே வெளிப்பட்டது. பீகாரிலும் ஐக்கிய மாகாணத்தின் கிழக்கிலும் பரவியிருந்த கோ 213ஐ 1939, 1940ஆம் ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் அழித்தது. யாவும் ஓருடலாகையால் ஒன்றை வென்ற நோய் அனைத்தையும் வென்றது. வெங்கடராமன் 1963ல் காலமானார். அரை நூற்றாண்டுக்குப் பின் உத்தரப் பிரதேச வயல்களின் பெரும்பகுதியை மூடிய கோ 0238க்கும் அதே செவ்வழுகல் வந்தது. கோயமுத்தூரில் வித்திலிருந்து புதுக் கன்றுகளை முளைப்பிக்கும் வேலை நடந்துகொண்டேயிருக்கிறது.