ஒளியால் நிலம் வரைந்த டிரைப்

கொங்கு நாட்டின் வடபுலத்தை அடுத்த இராயக்கோட்டை, 1791இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய மலைக்கோட்டையாகும். அக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் 1858ஆம் ஆண்டிலேயே ஒளிப்படத் தொகுப்பாக வெளியிட்டவர் லின்னேயஸ் டிரைப் ஆவார்.

1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த இவர், கும்பினியாரின் சென்னைப் படையில் அதிகாரியானார். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் படமெடுக்கும் பணியை ஏற்றார். பின்னர்ச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரானார். மெழுகேற்றிய தாளில் எதிர்மப் படம் எடுப்பதே இவர் முறை. வானம் வெறுமையாகத் தோன்றின், தூரிகை கொண்டு எதிர்மத்தில் மேகம் தீட்டுவார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக இணைத்தமை இவரது அருஞ்செயல்.

ஒளி பதிய நெடுநேரம் வேண்டியிருந்தமையால், நடமாடும் மாந்தர் அப்படங்களில் நிலைக்கவில்லை. குன்றும் கோட்டையும் தெளிவாக நிற்கின்றன. உழுதோரையும் நெய்தோரையும் காண்பதரிது.

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், செலவு மிகுதியெனக் கருதி அப்பணியை நிறுத்தச் செய்தார். டிரைப் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார், 1902இல் மறைந்தார்.

சில ஆண்டு உழைப்பே அவர் பெயரை நிறுத்தியது. அப்படங்களில் பதியாத எளிய மக்களின் வாழ்வை, முதியோர் நினைவிலிருந்து கேட்டுத் தொகுத்து வைத்தல் இன்றைய மாணவர் கடமையாகும்.