ராமானுஜனின் வயிற்றுக்குள் என்ன நடந்தது?

கணித மேதை சீனிவாச ராமானுஜனை உங்களுக்குத் தெரியும். ஆனா, 32 வயசில் அவர் எதனால் இறந்தார்? காசநோய் என்றுதான் ரொம்ப நாள் சொன்னார்கள்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1906-இல் சென்னைக் கல்லூரியில் படிக்கும்போது சீதபேதி வந்து, ஊருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1909-இலும் உடம்பு படுத்தியது. வயிறு சரியானதும் நாமும் அதை மறந்துடுவோம், இல்லையா?

1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். 1917-இல் காய்ச்சல், வலி, எடைக் குறைவு. இரைப்பைப் புண் என்றார்கள், காசநோய் என்றார்கள், கல்லீரல் புற்றுநோயோ என்றும் சந்தேகப்பட்டார்கள். நோயாளியாக இருந்தபோதே, 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1919-இல் நாடு திரும்பி, படுக்கையிலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தவர், 26 ஏப்ரல் 1920 அன்று சென்னையில் இறந்தார்.

1994-இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை அலசி, காரணம் அமீபாவாகவே இருக்கலாம் என்றார். சீதபேதியை உண்டாக்கும் இந்தக் கிருமி வருஷக்கணக்கில் குடலில் பதுங்கியிருந்து, பிறகு கல்லீரலைத் தாக்கும். அவர் சொன்னது சரியென்றால், அந்தக் காலத்திலேயே எமட்டின் ஊசி இருந்தது என்பதுதான் மனசை உறுத்துகிறது.

சுங்கை புரோங், கோலசிலாங்கூர் தோட்டப் பக்கம் இருக்கிற உங்களுக்கு இது எதற்கு? அமீபா தரும் அதே ரத்தம் கலந்த பேதி, வயிற்றுவலி, மெலிவு எல்லாம் குடல் அழற்சி நோயிலும் வரும். இது கிருமித் தொற்று அல்ல. நம்ம எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் வருவது. பரம்பரை, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்த காரணம். ஒரு வகை குரோன்ஸ். ராமானுஜன் இறந்து 12 வருஷம் கழித்து, 1932-இல்தான் அதைத் தனி நோயாக விவரித்தார்கள். இன்னொரு வகை அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், பெருங்குடலில் புண். மலேசிய ஆய்வுகளில் இது இந்தியர்களிடம்தான் அதிகம் தெரிகிறது. காரத்தைக் குறை சொல்லிட்டு மோர் குடிச்சா இது போகாது.

இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் ஆபத்து. குடல் அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டு, அமீபா இருப்பவருக்கு நோயை முற்ற வைத்துவிடும். அதனால்தான் முதலில் மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் கொலனோஸ்கோபி. மலத்தில் ரத்தம் தெரிஞ்சாலோ, பேதி வாரக்கணக்கில் நீடிச்சாலோ வெட்கப்படாம கிளினிக் போங்க. டாக்டர் எப்போ ஆரம்பிச்சதுன்னு கேட்டா, போன வருஷம் வந்து போனதையும் சேர்த்துச் சொல்லுங்க.